நிலானியின் பெயர் இல்லாத பட்டியல்

மூன்று கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டு வாசலில் உம்முடைய மகள் நிலானி இரண்டு பெரிய பைகளோடு நின்றாள். பார்க்கிங் நகரில் இருக்கிற உம்முடைய உடுப்புக் கழுவும் கடையை மாத முடிவில் வேறொருவர் எடுக்கிறாராம். பின்னறையை ஒதுக்கும்போது இவை கிடைத்தன என்றாள். அவள் போன பிறகு ஒரு பையைத் திறந்தேன். நீராவியும் கஞ்சியும் நீர் பாவிக்கும் அந்த எலுமிச்சைச் சவர்க்காரமும் கலந்த மணம் வீட்டுக்குள் பரவியது. உள்ளே எங்கள் கிளப்பின் பழைய பச்சை ஜேர்சிகள், ஒன்று முதல் இருபத்திரண்டு வரை இலக்க ஒழுங்கில், நீர் மடிக்கிற அதே மடிப்பில். நீர் இறந்து ஏழு மாதம். அந்த மடிப்பைக் குலைக்க மனம் வரவில்லை. பையை மூடிவிட்டு, சிநேகிதி, உமக்கு எழுத உட்கார்ந்தேன். அன்று தொடங்கிய கடிதம் இன்றுதான் முடியப்போகிறது.

நிலானி இருந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்குச் சொன்ன விடயம் உமக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. ஆனால் அதற்கு முன், நான் உமக்குச் சொல்லாமல் ஆறு வருடம் வைத்திருந்ததைச் சொல்லவேண்டும். அதைச் சொல்வதற்கும் நாங்கள் தொடங்கிய இடத்துக்குப் போகவேண்டும்.

எங்கள் பிள்ளைகள் இரண்டுக்கும் அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் லக்ரோஸ் சொல்லிக்கொடுத்த ரீச்சர் ஓய்வு பெற்றார்; மைதானத்தில் புதுக் கட்டிடம் எழும்பத் தொடங்கியது; விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். என் மகள் அபிரா, முனையில் வலை கட்டிய அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதாள். நிலானி பக்கத்தில் பேசாமல் நின்றாள். நீரும் நானும் அதுவரை தலையசைத்து மட்டும் பழக்கம். நீர் பதினேழு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு மகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர். நான் நேரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பு மேசையில் இருந்தவள். உடுப்பு ஏற்றும் வான் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்.

“ஜேர்மனியிலை ஏழு பேர் கூடினா ஒரு சங்கம் தொடங்குவினம். உமக்குக் கொம்பியூட்டர் தெரியும். என்னட்டை வான் இருக்கு. மிச்சம் அஞ்சு பேரைப் பிடிப்பம்.”

“நாங்கள் தமிழரெல்லே. ஏழு பேர் கூடினா ரெண்டு சங்கம் தொடங்குவம்.”

“அது பிறகு பாப்பம்,” என்றீர்.

அப்படித்தான் கிளப் பிறந்தது. கவுன்சில் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மூலை எங்களுக்குக் கிடைத்தது. பதினொரு பெண்பிள்ளைகள். இல்போர்டில் உடற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்த ரேச்சல் என்ற இளம்பெண் பல்கலைக்கழகத்தில் விளையாடியவள். கேட்டவுடன் பயிற்சி கொடுக்க வந்தாள். பந்து வலையிலிருந்து விழாதபடி கோலை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே ஓடவேண்டும் என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க, நீர் கோட்டுக்கு வெளியே நின்று, “பிள்ளையைத் தொட்டிலிலை ஆட்டிற மாதிரி ஆட்டுங்கோடி,” என்று கத்துவீர். ரேச்சலுக்கும் அந்த ஒரு சொல் பழகிவிட்டது. அவளும் “ஆட்டு, ஆட்டு” என்று கத்தத் தொடங்கினாள்.

கோயிலில் ஒரு அம்மா பிள்ளைகளின் கோல்களைப் பார்த்து, “உதென்ன, வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற வலையோ?” என்று கேட்டது நினைவிருக்கிறதா? “இல்லை, மாப்பிள்ளை பிடிக்கிற வலை,” என்று சொல்லிவிட்டு நீர் சுவாமி பார்க்கப் போய்விட்டீர். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். பனி உருகிச் சேறாயிருந்த ஒரு நாளில் நாங்கள் முதல் தடவையாகப் பந்தை எதிரணியின் வலைக்குள் போட்டபோது, எதிரணிப் பெற்றோரும் கைதட்டினார்கள். நீர் நடுவரைக் கட்டிப்பிடித்தீர். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பிள்ளைகள் வானுக்குள் பாடிய பாட்டில் சொற்களே இல்லை.

அந்த வருடம்தான் கிளப்பின் நல்ல வருடம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. வெல்லவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை, எனக்குத்தான் அதிகம். மூன்றாம் வருடம் வெல்லத் தொடங்கினோம். வென்றதும் ஆட்கள் வந்தார்கள். ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு குடும்பம் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஓடி வந்தது. றொம்ஃபோர்ட் பக்கமிருந்து மார்க் என்ற தகப்பன் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், ஆனால் காற்சட்டைப் பையில் எப்போதும் விசிலும் பட்டியலும் இருக்கும். நாற்பது பிள்ளைகள் ஆனார்கள். நாற்பது பேரை ஒரு அணியில் விடமுடியாது. முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரிக்கவேண்டும், அதற்குத் தெரிவு நாள் வைக்கவேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது நீர் மட்டும் கேட்டீர்:

“விளையாடத் தெரியாத பிள்ளையளை எங்கை விடுறது?”

“இரண்டாம் அணியிலை விடலாம்,” என்றேன் நான்.

“முதல்லை இருந்த பதினொண்டும் இப்ப அங்கைதான் போகும், என்ன?” என்றீர். கை தூக்கச் சொன்னபோது தூக்கினீர்.

இனித்தான் நான் சொல்லவேண்டியது.

தெரிவுக் குழுவில் மூன்று பேர்: ரேச்சல், மார்க், செயலாளராக இருந்த நான். பூங்கா அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். முதல் அணிக்கு ஒரு இடம்தான் மிச்சம். இரண்டு பெயர்கள் இருந்தன. நிலானி. அபிரா.

நான் எழும்பி வெளியே போயிருக்கவேண்டும். பிள்ளையின் பெயர் வந்தால் பெற்றோர் அறையில் இருக்கக்கூடாது என்ற விதியை நானேதான் எழுதினேன். அந்த இருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. மார்க் சொன்னார், நிலானியை எடுப்போம், அவளுடைய தாய் இல்லாவிட்டால் இந்தக் கிளப்பே இல்லை என்று. ரேச்சல் மேசையைப் பார்த்துக்கொண்டு, நிலானி வேண்டாம், அபிராதான் என்றாள். காரணம் சொல்லவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் மகளுக்குக் கை தூக்கினேன்.

பட்டியலை அன்று பின்னேரமே நான் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் நீர் தொலைபேசி எடுத்தீர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “ஆர் முடிவெடுத்தது?” என்று மட்டும் கேட்டீர்.

“எனக்குத் தெரியாது. அபிரான்ரை பேர் வந்தவுடனை நான் வெளியிலை போயிட்டன்,” என்றேன்.

“ஓம், சரி,” என்றீர்.

அவ்வளவுதான். நிலானி இரண்டாம் அணியில் ஒரு மாதம் விளையாடினாள், பிறகு வரவில்லை. நீர் வந்தீர். ஒவ்வொரு ஞாயிறும் வந்தீர். ஆட்டம் முடிந்ததும் சேறு பிடித்த ஜேர்சிகளைப் பொறுக்கிக் கடைக்குக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை மடித்துக் கொண்டுவந்து தந்தீர். உம்முடைய மகள் இல்லாத அணிக்கு நீர் உடுப்புத் தோய்த்தீர். பையை வாங்கும்போது உம்முடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது. “வீட்டிலை எல்லாரும் சுகமோ?” என்று கேட்பீர். நான் ஓம் என்று சொல்லிவிட்டுக் காரின் பின்கதவைச் சாத்துவேன்.

கிளப் மேலே போன வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம். இரண்டு வருடம் வென்றோம். பிறகு ரேச்சலைப் பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டது; விளக்குப் போட்ட செயற்கைப் புல் மைதானம் உள்ள கிளப். அவளோடு எங்கள் திறமான ஒன்பது பிள்ளைகளும் போனார்கள். மிஞ்சியவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது என்று வட்ஸ்அப்பில் தொடங்கிய வாக்குவாதம் பூங்காவில் முடிந்தது. மார்க் தன்னோடு வரச் சம்மதித்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் றொம்ஃபோர்டில் தனிக் கிளப் தொடங்கினார். அன்று எல்லோரும் போன பிறகு நீர் கோல் கம்பத்து வலையைச் சுருட்டிக்கொண்டே, “தமிழர் மட்டும்தான் ரெண்டாப் பிரியிறது எண்டு நினைச்சம்,” என்றீர். நான் சிரிக்கவில்லை. நீர் சிரித்தீர்.

அபிரா பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கே அவள் லக்ரோஸ் கோலைத் தொட்டும் பார்க்கவில்லை. நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாள். எல்லாப் பெற்றோரும் பிள்ளையோடு சேர்ந்து வந்து பிள்ளையோடு சேர்ந்து போனார்கள். நான் மட்டும் போகவில்லை. மகள் இல்லாத கிளப்பை மூன்று வருடம் இழுத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிறு காலையில் எழும்பி, யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, ஆள் போதாமல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி. வீட்டில் இவர் கேட்பார், “ஆருக்காக இதைச் செய்யிறீர்?” என்று. பிள்ளைகளுக்காக என்பேன். பொய். அந்தக் கிளப்புக்காகத்தான் உமக்குப் பொய் சொன்னேன் என்று என்னை நம்பவைத்திருந்தேன். கிளப்பும் செத்துவிட்டால் அந்தப் பொய் எதற்காக? அதை நினைத்துத்தான் மூடப் பயந்தேன்.

உம்முடைய வருத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பகல் வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. நீர் தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டீர்:

“எத்தினை பிள்ளையள் இப்ப?”

“ஒன்பது.”

“வாறது?”

“ஏழு.”

“மூடும்.”

“நீர் தொடங்கினதை நான் எப்பிடி மூடுறது?”

“நான் தொடங்கினதெண்டா நான் சொல்லுறன், மூடும். கிளப் எண்டுறது கோயிலே, தலைமுறை தலைமுறையா நடத்திறதுக்கு? அது சின்னப் பிள்ளையளின்ரை சப்பாத்து. கால் வளந்தா வேறை வேணும். பழசை வைச்சு அழுகிறதே?”

அப்போதுதான் சொல்ல வாயைத் திறந்தேன். “அந்த லிஸ்ற்...” என்று தொடங்கினேன்.

“கொஞ்சம் தண்ணி தாரும்,” என்றீர்.

தண்ணீர் தந்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடினீர். நீர் நித்திரையாகிவிட்டீர் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை நீர் இல்லை. சொல்லும் வழி அதோடு அடைபட்டுப்போனது என்று நினைத்தேன். நீர் மூடச் சொன்ன பிறகும் என்னால் மூட முடியவில்லை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நிலானிக்கு இருபத்தொரு வயது. ஒரு மிருக வைத்தியரிடம் வேலை பழகுகிறாள். கையில் பூனை பிறாண்டிய கோடுகள். தேத்தண்ணீர் கொடுத்தேன். பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “கிளப் இன்னும் நடக்குதோ அன்ரி?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல வந்தேன். எப்படியோ மற்றது வந்துவிட்டது. அறை, மேசை, இரண்டு பெயர்கள், நான் தூக்கிய கை, அடுத்த நாள் உமக்குச் சொன்ன பொய். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். உமக்குச் சொல்லவேண்டியதை உம்முடைய பிள்ளைக்குச் சொல்கிறேனே என்ற வெட்கமும் இருந்தது.

நிலானி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அன்ரி, நான்தான் ரேச்சலிட்டைக் கேட்டனான். என்னைப் போடாதைங்கோ எண்டு.”

எனக்கு விளங்கவில்லை. “எப்ப?”

“ட்ரையலுக்கு ஒரு கிழமைக்கு முதல். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்கவே இல்லை, அன்ரி. பந்து வரேக்கை கண்ணை மூடிப்போடுவன். அம்மாட்டைச் சொல்லப் பயம். எனக்காகத்தானே இவ்வளவும் செய்யிறா எண்டு. ரேச்சல் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு ப்ரொமிஸ் பண்ணினவ.”

ரேச்சல் ஏன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அப்ப அம்மாவுக்கு?”

“கிளப்பை விட்டு நிக்கேக்கை நானே சொல்லிப்போட்டன். வானுக்குள்ளை. அம்மா வானை ஓரமா நிப்பாட்டிப்போட்டுச் சிரிச்சவ. கொஞ்சம் அழுதவ. பிறகும் சிரிச்சவ.”

“நான் அறைக்குள்ளை இருந்தது...”

“அதுவும் தெரியும். அம்மா நேரை போய் ரேச்சலைக் கேட்டவ. உங்களிலை கோபமே இல்லை, அன்ரி. வெக்கம். ஊர் முழுக்க மகளுக்காக எண்டு ஓடித்திரிஞ்சிட்டு, மகளுக்கு விருப்பமில்லையாம் எண்டு உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு. ‘பாவம், அவ எனக்காக எத்தினை ஈமெயில் அடிச்சவ’ எண்டு சொல்லுவா.”

“அப்ப ஏன் பிறகும் வந்து ஜேர்சி எல்லாம் தோய்ச்சவ?”

நிலானி என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “அம்மாவுக்கு லக்ரோஸ் பிடிக்கும், அன்ரி. அவ்வளவுதான்.”

முதலில் எனக்குக் கோபம் வந்தது. உம்மில்தான். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. ஐந்து வருடம் வெள்ளிக்கு வெள்ளி அந்தப் பையை வாங்கும்போது நான் பட்ட பாட்டை நீர் கண்டிருப்பீர். பிறகு நினைத்தேன், நானும் ஒரு சொல்தான் சொல்லியிருக்கவேண்டும். என்னிடம் ஒரு பொய், உம்மிடம் ஒரு வெட்கம். இரண்டு பேரும் ஒவ்வொரு கிழமையும் ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தோம். நிலானி எழும்பி வந்து என் தோளைப் பிடித்தபோதுதான் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. கண்ணீரும் வந்தது. அவள், “அம்மாவும் இப்பிடித்தான்,” என்றாள்.

நான் செய்தது இதனால் சரியாகிவிடாது. அவள் ரேச்சலிடம் கேட்டது தெரியாமல்தான் கை தூக்கினேன். நிலானி விளையாட ஏங்கியிருந்தாலும் அன்று அதே கைதான் தூக்கியிருப்பேன். அது என்னுடையது, என்னோடு இருக்கட்டும். ஆனால் ஒரு பிள்ளையின் மனதை உடைத்தேன், ஒரு சிநேகிதியின் முதுகில் குத்தினேன் என்று நான் சுமந்த பாரம் உண்மையில் அங்கே இல்லை. வருடக்கணக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் விட்டதுபோல் இருந்தது. அன்று பின்னேரம் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். வழியெல்லாம் மெல்ல நடந்தேன்.

மறுநாள் காலையில் மார்க்குக்குத் தொலைபேசி எடுத்தேன். நாலு வருடமாக நாங்கள் பேசவில்லை. கிளப்பை மூடுகிறேன், ஏழு பிள்ளைகள் மிச்சம், உங்களிடம் இடம் இருக்குமா என்று கேட்டேன். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த ஏழில் கோல்காப்பாளர் யாராவது உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். கோல்காப்பாளர் இல்லாமல், ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளையைக் கெஞ்சித் தலைக்கவசம் போட்டுவிடுகிறாராம். அவருடைய கிளப்பிலும் பதின்மூன்று பேர்தானாம். பிறகு, உம்முடைய செய்தி கேள்விப்பட்டதாகவும், செத்தவீட்டுக்கு வர நினைத்துத் துணிவில்லாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். நாலு பெற்றோர், நான். மூடலாம் என்று நான் சொன்னதும் யாராவது எதிர்ப்பார்கள் என்று பதில்கூட எழுதி வைத்திருந்தேன். ஒரு தாய், “தாங்ஸ் அக்கா, நீங்கள் சொல்லுவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்,” என்றாள். எல்லோரும் எனக்காகத்தான் வந்துகொண்டிருந்தார்களாம், என் மனம் நோகக்கூடாது என்று. கூட்டம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

இன்று ஞாயிறு. மார்க்கின் மைதானத்தில் எங்கள் ஏழு பேரின் முதல் ஆட்டம். நான் போகவேண்டிய தேவை இல்லை. ஆனால் காலையில் எழும்பியதும் கால் சப்பாத்தைத் தேடியது. போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டோரம் நின்ற ஒரு தாய், என்னை முன்பின் தெரியாதவள், ஆங்கிலத்தில் கேட்டாள், இதில் உங்களுடைய பிள்ளை எது என்று. ஒருத்தியும் இல்லை என்றேன். பேரப்பிள்ளையா என்றாள். அதற்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை என்றேன். குடையை என் பக்கம் கொஞ்சம் சரித்தாள்.

முதல் முறையாக ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன். யாரை மாற்றுவது, யார் பிழை விட்டது என்று மனம் ஓடவில்லை. ஒரு பிள்ளை பந்தை ஏந்திக்கொண்டு மூன்று பேருக்கு நடுவால் வளைந்து வளைந்து ஓடினாள். யாருடைய பிள்ளையோ தெரியாது. எனக்குக் குளிர் மறந்துபோனது.

நிலானி உம்மைப் பற்றிச் சொன்னது எனக்கும் பொருந்தும். இதை உமக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை, எனக்கே நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் அந்தச் சேற்றில் நின்றோம். எனக்கும் இந்த விளையாட்டு பிடிக்கும். நீர் எனக்குத் தந்துவிட்டுப் போனது அதுதான். அடுத்த ஞாயிறும் போவேன்.